சாப்பாடு போட்ட இடத்தில் யாரோடு பேசினீர்கள்?

அன்புள்ள அக்காவுக்கு,

ஈரோட்டில் சிறிய அளவில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். அப்பா தவறிய பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர் திதிக்கு ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடுகிறோம். போன வாரம் என் மனைவி பீகார் முசாஃபர்பூர் காப்பகத்தில் சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றிய ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "நாம போடுற இடம் எப்படின்னு நமக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இல்லத்தை நடத்துபவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். இனி அங்கே போவதா, நிறுத்திவிடுவதா? எல்லா இல்லங்களிலும் கேமரா வைத்து, தப்பு செய்தவனைத் தூக்கில் போட்டால் இது தீராதா? இத்தனை கொடுமை யாருக்கும் தெரியாமல் எப்படி நடந்தது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வருஷக்கணக்காகச் சாப்பாடு போடுகிற எத்தனையோ பேருக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியிருக்கிறது.

கேமராவை விடுங்கள். அதன் பதிவு இல்லத்தை நடத்துபவரின் மேஜையில்தான் இருக்கும். அவரே குற்றவாளியாக இருந்தால் அந்தப் பதிவு எந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்? தூக்கைப் பற்றியும் இப்போது பேச எனக்கு விருப்பமில்லை. தண்டனை எல்லாம் முடிந்த பிறகு வருவது.

ஆனால் "யாருக்கும் தெரியாமல் எப்படி நடந்தது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் மட்டுமல்ல. இப்படி ஒன்று வெளியே வரும்போதெல்லாம் படித்தவர், அதிகாரி, பத்திரிகைக்காரர் என்று எல்லோரும் இதையே சொல்கிறோம். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து உட்கார வைத்துவிட்டது.

முசாஃபர்பூர் இல்லம் ஊருக்கு ஒதுக்குப்புறமாக எங்கோ இருந்த இடம் இல்லை. நகரத்துக்குள், அதை நடத்திய பிரஜேஷ் தாக்கூருடைய நாளிதழின் அலுவலகம் இருந்த அதே வளாகத்தில் இருந்தது. இல்லம் நடந்தது அரசுப் பணத்தில். பிள்ளைகளை அங்கே அனுப்பியது குழந்தைகள் நலக் குழு. கண்காணிக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. 2020 ஜனவரியில் டெல்லி சாகேத் நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். குழந்தைகள் நலக் குழுவின் தலைவர் இருக்கிறார். அதே குழுவின் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். இல்லத்தில் வேலை பார்த்த பெண்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு அலகின் முன்னாள் உதவி இயக்குநர் ஒருவரும் இருக்கிறார். தெரிந்தும் புகார் கொடுக்கவில்லை என்பதே அவர் மேல் நிரூபணமான குற்றம். பாதுகாக்க வேண்டியவர்களின் வருகைப் பதிவேடும் குற்றவாளிகளின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, யாருக்குத் தெரியாமல் நடந்தது தம்பி?

இன்னும் கேளுங்கள். 2017-இல் பீகார் சமூக நலத்துறைதான் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழுவிடம் மாநிலம் முழுக்க சுமார் 110 இல்லங்களைத் தணிக்கை செய்யச் சொன்னது. அரசு தானே கேட்டு வாங்கிய அறிக்கை அது. 17 இல்லங்களின் நிலைமை மிக மோசம் என்று அவர்கள் எழுதினார்கள். முசாஃபர்பூரில் சிறுமிகள் பாலியல் வன்முறையைப் பற்றிச் சொன்னதையும் எழுதினார்கள். 2018 ஏப்ரல் கடைசியில் அறிக்கை துறையின் கைக்கு வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவானது மே 31-ஆம் தேதி.

இந்த இடைவெளியை மட்டும் நான் விடப்போவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல். அறிக்கை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில், அதைச் சொன்ன சிறுமிகள் எங்கே படுத்துத் தூங்கினார்கள்? அதே கட்டடத்தில். யாரைப் பற்றிச் சொன்னார்களோ, அவர்கள் கையில் சாவி இருந்த அதே கட்டடத்தில். வெளியே இருந்து வந்தவர்களிடம் முதல்முறையாக வாய் திறந்து சொல்லிவிட்டு, இனி யாராவது வருவார்கள் என்று காத்திருந்திருப்பார்கள் அல்லவா? ஏழு வயதுப் பிள்ளையெல்லாம் இருந்தது அங்கே. படித்த அதிகாரி ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போயிருக்கிறார். எனக்கு இதை நினைத்தால் தாங்கவில்லை. குற்றம் செய்தவனைப் புரிந்துகொள்ள நான் முயலவில்லை. இந்த மனிதரைத்தான் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் செய்தியில் வந்தது. மருத்துவப் பரிசோதனையில் 30-க்கும் மேற்பட்ட சிறுமிகள் பாதிக்கப்பட்டது உறுதியானது, துறை அமைச்சர் பதவி விலகினார், சி.பி.ஐ. வந்தது. உச்ச நீதிமன்றம் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்த விசாரணை அதிகாரியையே மாற்றியதற்காக, சி.பி.ஐ.யின் இடைக்கால இயக்குநராக இருந்தவர் 2019 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி ஆனார். அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, அன்றைக்குக் கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார வைத்தார்கள். தாக்கூருக்கு ஆயுள் முழுக்கச் சிறை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 54-ஆம் பிரிவு. ஒவ்வொரு இல்லத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு போக வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். ஒரு வாரத்தில் அறிக்கை, ஒரு மாதத்தில் நடவடிக்கை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் அதற்கும் மேலே போகிறது. குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை.

பீகார்தானே என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதிலும் உள்ள இல்லங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் கொடுத்த தீர்ப்பின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையில் தொடங்கிய வழக்கு. 2007-இல் நீதிமன்றத்துக்குப் போனது, தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆனது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யுங்கள், ஆய்வுக் குழுக்களை அமையுங்கள், ஒழுங்காகப் போய்ப் பாருங்கள் என்று அதில் சொன்னார்கள். தீர்ப்பு வந்தபோது, 2007-இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இருபது வயது.

அந்த ஆய்வு என்பது எப்படி நடக்கும் என்று நான் ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் சித்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் கல்லூரியில் படித்த காலம். எங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெண் பிள்ளைகள் இல்லத்தில் சிரங்கு பரவிவிட்டது என்று அவரை அனுப்பினார்கள். பெயர் எழுதிக் கொடுக்க என்னையும் கூட்டிப்போனார். நிர்வாகி முன்னறையில் உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் பார்வையாளர் நோட்டு இருந்தது. புரட்டினேன். "குழந்தைகள் நல்ல ஒழுக்கத்துடன் உள்ளனர். சமையலறை சுத்தமாக உள்ளது. பதிவேடுகள் சரியாகப் பராமரிக்கப்படுகின்றன." அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு முத்திரை, ஆனால் இந்த மூன்று வாக்கியங்கள்தான். ஆய்வுக்கு வந்த அத்தனை பேரும் அந்த முன்னறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாட வைத்திருப்பார்கள்.

சித்தி டீயைத் தொடவில்லை. நேரே பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கையை வாங்கி, விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் கையை விடவில்லை. காலையில் என்ன சாப்பிட்டே, யார் தலை பின்னி விட்டது, ராத்திரி பக்கத்தில் யார் படுப்பாங்க என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிர்வாகி கூடவே வந்து நின்றார். "பிள்ளைங்க சட்டையைக் கழட்டிப் பார்க்கணும், நீங்க உள்ளே போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம்தான் ஒரு சிறுமி சொன்னாள். பத்து வயது இருக்கும். குளித்துவிட்டு மருந்து போட வேண்டும் என்று சித்தி சொன்னதற்கு, சாயங்காலம் குளிக்க மாட்டேன், குளிக்கிற ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வாட்ச்மேன் கதவைத் தள்ளுவார் என்றாள். சித்தியின் முகம் மாறவில்லை. "சரிடா, காலையிலேயே குளி" என்று சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளைகளையும் அதே மாதிரி பார்த்து முடித்தார். பஸ்ஸில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்தார். அங்கிருந்த அதிகாரி படித்துவிட்டு, "ஆய்வு முடிஞ்சு திருப்தின்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நீங்க சிரங்கு பார்க்கத்தானே போனீங்க?" என்று கேட்டாராம். சித்தி விடவில்லை, பல மாதம் அலைந்தார். கடைசியில் அந்த வாட்ச்மேனை மாற்றினார்கள். எங்கே? அதே நிர்வாகம் நடத்திய இன்னொரு இல்லத்துக்கு.

ஆய்வுக் குழுவில் ஒரு மருத்துவ அலுவலர் கட்டாயம் என்று பின்னால் வந்த சட்டத்தில் படித்தபோது எனக்குச் சித்தியின் கைகள்தான் ஞாபகம் வந்தன. கோஷிஷ் குழு செய்ததும் அடிப்படையில் இதுதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவசரப்படாமல் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் போன அதே வாசல் வழியாகத்தான் அவர்களும் உள்ளே போனார்கள்.

சரி, தெரிந்த பிறகும் ஏன் அசைவதில்லை? பணம், செல்வாக்கு என்று சொல்வோம். அது உண்டு. சொந்தப் பத்திரிகை வைத்திருப்பவரைத் தொட எந்த அதிகாரிக்கும் யோசனைதான். ஆனால் அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. இல்லத்தை மூடினால் அந்தப் பிள்ளைகளை அன்றைக்கு ராத்திரி எங்கே படுக்க வைப்பது? பெரும்பாலான மாவட்டங்களில் இதற்குப் பதில் கிடையாது. உத்தரப் பிரதேசத்து தேவரியாவைப் பாருங்கள். அங்கே இருந்த ஒரு இல்லத்தின் அங்கீகாரம் 2017-இலேயே ரத்தாகிவிட்டது. போலீஸே அதற்குப் பிறகும் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் ஒரு சிறுமி தப்பித்து ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. அனுமதி கொடுப்பவர், பிள்ளையை அனுப்புபவர், பணம் கொடுப்பவர், ஆய்வு செய்பவர் எல்லோரும் ஒரே மாவட்டத்தில் ஒருவருக்கொருவர் தெரிந்த நாலைந்து பேர். ஒரு இல்லம் கெட்டது என்று எழுதினால், அங்கே பிள்ளையை அனுப்பிய தங்கள் கையெழுத்தையும் சேர்த்துத் தப்பு என்று எழுத வேண்டும். அதனால் மூன்று வாக்கியம் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். திட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் நல்ல மனிதராகத் தெரிகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் பேசியது அவரோடுதான். இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு பிள்ளையின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? இலை போட்டு, பாயசம் வரை பரிமாறி, பிள்ளைகளைக் கைகூப்பி நிற்க வைத்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு திரும்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் படம் எடுத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தை நாம் ஊருக்குக் காட்டக் கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அப்பாவின் திதி அன்றைக்கு மட்டும் போகாமல், அடிக்கடி போங்கள். உங்கள் மனைவிக்கு நேரம் இருந்தால், முறைப்படி அனுமதி வாங்கி, வாரத்தில் ஒரு மாலை பாடம் சொல்லிக் கொடுக்கப் போகட்டும். துருவித் துருவி எதையும் கேட்க வேண்டாம். போய்க்கொண்டே இருந்தால் போதும், பிள்ளைகளே பேசுவார்கள். ஏதாவது சொன்னால், அதை நிர்வாகியிடம் போய் "உண்மையா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை அங்கேதான் தூங்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நீங்கள் போகும் அந்த இல்லத்துக்குக் கடந்த இரண்டு வருஷத்தில் ஆய்வுக் குழு எந்தெந்தத் தேதியில் போனது, மருத்துவ அலுவலர் கூடப் போனாரா, அறிக்கையின் மேல் ஒரு மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா