சாமான்களைக் குடோனில் விட்டுப் போகலாமா?

கேள்வி: குன்னூர் வீட்டைக் காலி செய்துவிட்டு 11 மாதம் மகள் வீட்டில் இருக்கப் போகிறேன். சாமான்களைக் கோவை குடோனில் வைக்க பேக்கர்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்கிறார். "எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கும்மா" என்கிறார். நம்பலாமா?

பதில்: கீழே கோவையில் வைப்பது நல்லதுதான் அம்மா. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பூட்டிய அறையில் மெத்தையும் பட்டுப்புடவையும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆனால் மேகம் இறங்கிய நாளில் மூட்டை கட்டாதீர்கள். ஈரத்தோடு பபுள் ராப் சுற்றினால் கோவை வெயிலில் உள்ளேயே வியர்க்கும், பிரிக்கும்போது கரும்புள்ளிதான். இரண்டு நாள் வெயில் காட்டி, மெத்தையைத் துணியில் சுற்றுங்கள்.

பழைய ஈட்டி மர பீரோ, தேக்கு பீரோ இருந்தால் அதைக் கீழே அனுப்ப வேண்டாம். மலை ஈரத்தில் பழகிய கட்டை கோவைக் கோடையில் சுருங்கி, மூட்டு கழன்று, பலகை வெடிக்கும். மேலேயே உறவுக்காரர் வீட்டில், சுவரிலிருந்து அரை அடி தள்ளி, காலுக்கு அடியில் கட்டை வைத்து நிறுத்துங்கள். அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் தகரக் கூரை குடோன் கூடாது. பிளாஸ்டிக் சுற்றாமல் பழைய போர்வை போர்த்துங்கள். பிளைவுட் பீரோவுக்கு இந்தக் கவலை இல்லை.

ஏஜென்ட் சொல்லும் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் லாரிப் பயணத்துக்கு மட்டும். சாமான் இறங்கியதும் அது முடிந்தது. குடோனில் தீ, திருட்டு, வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேண்டும். உங்கள் பெயரும் குடோன் முகவரியும் போட்ட நகலைக் கையில் வாங்குங்கள். தரவில்லையென்றால் பாலிசியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் குடோன்காரரோடு நேரடியாக இருக்கட்டும். இடையில் நிற்கும் ஏஜென்ட் நாளை போனை எடுக்காவிட்டால் சாமான் எங்கே என்றே தெரியாது. முன்பணம் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம். "பாக்கி இருந்தால் சாமானைப் பிடித்து வைப்போம்" என்ற வரியைத் தேடி அடித்துவிடுங்கள். 1872 ஒப்பந்தச் சட்டம் வெறுமனே பொருளை வைத்திருப்பவருக்கு அந்த உரிமையைத் தானாகத் தருவதில்லை. உங்கள் கையெழுத்துதான் தருகிறது.

கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் (இணைப்பை ஒப்படைத்ததற்கான சீட்டு) வாங்குங்கள். ஃப்ரிட்ஜை நன்றாக உலர்த்தி, கதவு மூடாதபடி துணி சொருகுங்கள். நகையும் பத்திரமும் வங்கி லாக்கருக்கு.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் வாய்தா மேல் வாய்தா வாங்கி வருடக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். உடைந்த பீரோவுக்காக ஒரு குடும்பத்தை இப்படி அலையவிடுவது அநியாயம். அங்கேயும் கேட்கப்போவது பட்டியலைத்தான். "வீட்டுச் சாமான், 34 பெட்டி" என்று மட்டும் எழுதிய ரசீது எதற்கும் உதவாது. "பெட்டி 7: மிக்ஸி, 3 ஜார், மூடியில் கீறல்" என்று பெட்டி பெட்டியாக எழுதி, இரண்டு பிரதியிலும் குடோன்காரர் கையெழுத்து வாங்கிய பிறகு லாரியை நகரவிடுங்கள்.