சர்க்கரை நோயோடு வாழும்போது மற்றவர்களால் வரும் அன்றாட எரிச்சல்கள் என்னென்ன?

என் கையிலிருந்த ஜூஸை ஒருவர் பிடுங்கிக்கொண்ட நாள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எனக்கு 19 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. 14 வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அன்று மதியச் சாப்பாட்டுக்கு ஊசி போட்ட பிறகு, சாப்பிடுவதற்குள் திடீரென்று ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அது இழுத்துக்கொண்டே போனது. முதலில் உதடு மரத்த மாதிரி இருந்தது, அப்புறம் பின்கழுத்தில் வியர்வை. திரையில் இருந்த வரியைப் படிக்கிறேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 52. பையிலிருந்து ஜூஸ் டப்பாவை எடுத்தேன். கை நடுங்கியதில் ஸ்ட்ரா ஓட்டைக்குள் இறங்கவே இல்லை.

பக்கத்தில் இருந்த அக்கா என்மேல் நிஜமாகவே பிரியம் உள்ளவர். "ஐயோ, உனக்குத்தான் சுகர் ஆச்சே, இதைப் போய் குடிக்கலாமா?" என்று டப்பாவை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "லோ", அதாவது சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாயில் வரவில்லை. எட்டிப் பறித்து, டப்பாவைக் கிழித்துக் குடித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடனே ஏறக்கூடிய சர்க்கரை 15 கிராம் உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஜூஸ்தான் மருந்து. ஆனால் நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, "சின்ன வயசுல நிறைய ஸ்வீட் சாப்பிட்டியா?" என்ற கேள்வி. டைப் 1 இனிப்பால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. என்னைக் கேட்டால்கூடப் பரவாயில்லை, என் அம்மாவைக் கேட்டார்கள். "கண்டதையும் வாங்கிக் கொடுத்திருப்பே" என்று ஒருவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, தன்னால்தான் மகளுக்கு இப்படி ஆனது என்று அம்மா பல வருடம் நம்பினார். டாக்டர் எத்தனை முறை சொல்லியும் அது முழுசாகப் போகவில்லை. கோபத்தில் நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன். "எனக்கு வந்தது அந்த சுகர் இல்லை, இது வேற" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அப்படிச் சொல்லும்போது பழியை டைப் 2 (பெரும்பாலானவர்களுக்கு வரும் சுகர்) உள்ளவர்கள் தலையில் போடுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதிலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. யாரும் கேட்டு வாங்கிய நோய் இல்லை.

"இந்தப் பொடியைச் சாப்பிட்டா ஊசியை விட்டுடலாம்" என்பவர்களிடம் மட்டும் நான் பொறுமையாக இருப்பதில்லை. டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. டொராண்டோவில் 1921இல் இன்சுலினைக் கண்டுபிடித்து, 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் காப்பாற்ற முடிந்தது. ஒவ்வொரு முறை ஊசியை எடுக்கும்போதும் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். எனக்கு வாழ்க்கை கொடுத்த மருந்து அது.

சில்லறை எரிச்சல்களும் உண்டு. ஊசியைக் கழிவறையில் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். போக மாட்டேன், அங்கே யாரும் சாப்பிடவும் மாட்டார்கள். முதல்முறை பார்ப்பவர்கூடத் தன் மாமாவுக்குக் கால் எடுத்த கதையை ஆரம்பிப்பார். மீட்டரில் 210 என்று பார்த்துவிட்டால், "என்ன சாப்பிட்டே?" என்று விசாரணை. காய்ச்சல் வந்தாலும், தூக்கம் கெட்டாலும், மனசு சரியில்லை என்றாலும் சர்க்கரை ஏறும். சரியாகச் சாப்பிட்டு, சரியாக ஊசி போட்டும் ஏறுகிற நாட்கள் இருக்கின்றன. அன்றைக்கு அந்தக் கேள்வி அழுகையை வரவழைத்துவிடும்.

அந்த அக்கா மறுநாளே வந்து, லோ என்றால் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது, தான் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். இப்போது அவர் மேஜை டிராயரில் எனக்காக ஒரு ஜூஸ் டப்பா எப்போதும் இருக்கும். போன மாதம் நான் அவசரமாக விரலைக் குத்துவதைப் பார்த்தவர், எவ்வளவு என்று கேட்கவில்லை. டிராயரைத் திறந்துகொண்டே, "ஸ்ட்ரா போட்டுத் தரட்டுமா?" என்றார்.