அறை, அடுப்பு, கப்பல்: சுற்றுலா வேலைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தான். ஓட்டல் மேனேஜ்மென்ட் சேர ஆசைப்படுகிறான். பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி ‘நூறு சதவீதம் வேலை’ என்கிறது. நம்பிச் சேர்க்கலாமா?
- ஒரு தாய், சிவகாசி

பதில்: எந்த குரூப் படித்திருந்தாலும் சேரலாம், பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். முதலில் அரசு நிறுவனங்களுக்கு முயலட்டும். சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருக்கின்றன. என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. மூன்று ஆண்டு பி.எஸ்சி. படிப்பு. நடுவே ஓட்டலுக்கே போய்ப் பயிற்சி எடுக்கும் காலமும் உண்டு.

தனியார் கல்லூரி என்றால் பயிற்சிச் சமையலறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், அடுப்பு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாற்பது பேருக்கு நான்கு அடுப்பு என்றால், ஆசிரியர் சமைப்பதை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவான். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், போன ஆண்டு மாணவர்கள் எந்த ஓட்டல்களில் பயிற்சி எடுத்தார்கள் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: மகள் ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் (வரவேற்புப் பிரிவு) வேலை கேட்டாள். ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) கொடுத்திருக்கிறார்கள். ‘பெருக்கித் துடைக்கவா படிக்க வைத்தீர்கள்’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். விட்டுவிடச் சொல்லலாமா?
- ஒரு தந்தை, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். ஓட்டல் விற்பதே அறையைத்தான். அந்த அறை தயாராகாத வரை ஃப்ரண்ட் ஆபீஸ் யாருக்கும் சாவி கொடுக்க முடியாது.

ஒரு ஷிப்டில் ஒருவருக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 அறைகள் வரும். விருந்தினர் காலி செய்துவிட்டுப் போன அறைக்கு அரை மணி நேரம் பிடிக்கும். நேரத்தை மிச்சப்படுத்துவது கைவேகத்தைவிட வேலையின் வரிசைதான். கதவைத் தட்டி, ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று சொல்லி, சில நொடி நின்று, மறுபடியும் தட்டிய பிறகே திறக்க வேண்டும். திரைச்சீலையை விலக்கி, பழைய விரிப்புகளை உருவி, குப்பையை எடுத்த கையோடு கழிப்பறைக் கோப்பையில் மருந்தை ஊற்றிவிட வேண்டும். படுக்கையை விரித்து முடிப்பதற்குள் அது ஊறிக் கறையை இளக்கிவிடும். மருந்தைக் கடைசியில் ஊற்றுகிறவர்கள்தான் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப் போகிறார்கள்.

புதியவர்கள் சறுக்குவது மருந்தில்தான். பல ஓட்டல்களில் ஆர் 1, ஆர் 2 என்று எண் போட்ட புட்டிகள் இருக்கும். ஆர் 1 குளியலறைக்கு, ஆர் 3 கண்ணாடிக்கு, ஆர் 6 கழிப்பறைக் கோப்பைக்கு. ஆர் 6 அமிலம். பளிங்குத் தரையில் சிந்தினால் பளபளப்பு போய்த் தழும்பாகிவிடும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மெத்தை முனையில் விரிப்பை மடித்துச் செருகும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கப் பழகட்டும். இல்லாவிட்டால் முதுகுவலி வந்து சேரும்.

சூப்பர்வைசர், அசிஸ்டென்ட், எக்ஸிகியூட்டிவ் ஹவுஸ்கீப்பர் என்று மேலே போக வழி இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளும் ஐ.டி. வளாகங்களும்கூட இந்த அனுபவம் உள்ளவர்களை எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஃப்ரண்ட் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டாலும், அறைகளின் நிலவரம் தெரிந்தவள் என்பது அவளுக்குச் சாதகம்தான்.

கேள்வி: உல்லாசக் கப்பலில் வெயிட்டர் வேலை, ஒன்றரை லட்சம் கட்டு என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கப்பலுக்கு ஆள் எடுப்பவர் வேலை வாங்கித் தருவதற்காகப் பணம் கேட்கவே கூடாது என்பது 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. என்ற கடலோடி அடையாளப் புத்தகம் ஆகியவற்றின் செலவு உங்களுடையது. விசா செலவு கப்பல்காரருடையது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடலோடித் தரத்தின்படியான அடிப்படைப் பயிற்சியும் தேவை. கடலில் உயிர்காத்தல், தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அதில் வரும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையம்தானா என்று பார்த்துச் சேருங்கள்.

ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் கேளுங்கள்; கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் உரிமம் அது. அதைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் கப்பல் பெயர், சம்பளம், எத்தனை மாத வேலை, திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்க வேண்டும். பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம் வாரவிடுப்பே இல்லாமல் வேலை. ஊரில் இருக்கும் மாதங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆண்டு வருமானத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

வளைகுடா ஓட்டல் வேலைக்கு நடைமுறை வேறு. அங்கே ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ‘இப்போதைக்கு விசிட் விசாவில் போ, பிறகு மாற்றித் தருகிறோம்’ என்று சொன்னால் போகவே போகாதீர்கள். அந்த விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் சொல்வதும் கடினம்.

கேள்வி: தம்பி நட்சத்திர ஓட்டல் கிச்சனில் கமி 3 (தொடக்கநிலைச் சமையல்காரர்). ஆறு மாதமாக வெங்காயம்தான் நறுக்குகிறான்.
- வாசகி, கரூர்

பதில்: எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். துண்டுகள் ஒரே அளவாக இல்லாவிட்டால் சிறியது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும். கத்தி படிந்த பிறகுதான் அடுப்பைக் கொடுப்பார்கள். இதற்கிடையே ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். ஒரு கிலோ வெங்காயம் உரித்தால் எத்தனை கிராம் தேறுகிறது, ஒரு தட்டு கிரேவிக்கு எவ்வளவு செலவாகிறது என்று தினமும் குறிக்கட்டும். செலவுக் கணக்குத் தெரிந்த கமியை செஃப் சீக்கிரம் கவனிப்பார்.

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் கைடு ஆக என்ன வேண்டும்?
- வாசகி, திருவையாறு

பதில்: உரிமம் முதலில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் அது இல்லாமல் வழிகாட்டக் கூடாது. அடுத்தது மொழி. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளில் ஒன்றை பி 2 (சரளமாகப் பேசும் நிலை) அளவுக்குச் சமமாகப் படித்தால் குழுக்கள் உங்களைத் தேடி வரும். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன், ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் ஆகியவை கற்றுத் தருகின்றன. வெளிநாட்டவர் வருகை நவம்பர் முதல் மார்ச் வரைதான் அதிகம். கோடையில் உள்ளூர்க் குடும்பங்களையும் பள்ளிக் குழுக்களையும் நம்ப வேண்டும்.

மூன்றாவது, காதில் விழுந்த கதையையெல்லாம் சொல்லாமல் இருப்பது. பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக் கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது என்பது இன்றும் ஊரெல்லாம் சொல்லும் கதை. விவரம் தெரிந்த பயணி அதைக் கேட்ட பிறகு நீங்கள் சொல்லும் ராஜராஜன் கல்வெட்டையும் நம்பமாட்டார். ஒரு நாள் மாலை நான்கு மணிக்குப் போய், நிழல் பிராகாரத்தில் எதுவரை நீள்கிறது என்று நின்று பாருங்கள்.