கடன் கொப்பியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, வாவிக்கரைக் குடியிருப்பு ஒன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் தாய்மாரில் பலர் ஐந்தாம், ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். அவர்களுக்குப் பின்னேர வகுப்பு தொடங்கினேன். முதல் நாள் 19 பேர் வந்தார்கள், மூன்றாம் கிழமை 4 பேர்தான். எங்கே பிழை விட்டேன்?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, அந்த நாலு பேரையும் விட்டுவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நாவலடிச் சனங்கள் திராய்மடுவில் குடியேறிய காலத்தில் நான் அங்கே வேலை செய்தேன். அரிச்சுவடியும் வெண்கட்டியும் கொண்டுபோய் 'அ' எழுதச் சொன்னேன். உலையில் அரிசி கிடக்க, 35 வயதுப் பெண் எதற்காக வந்து 'அ' எழுத வேண்டும்? அவளுக்கு வெட்கம்தான் மிச்சம்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த கடன் கொப்பியை எடுத்து, "இத மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். வாங்கியது 30,000 ரூபா. கிழமைக்கு 715 ரூபா சொச்சம், 52 கிழமை. கடன் கொடுத்தவர்கள் 24 வீத வட்டி என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாதிக் கடன் கட்டி முடிந்த பிறகும் வட்டி முழு 30,000க்கும்தான் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்து வரும் மீதியை வைத்துக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி சொன்னதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருவரும் நிலத்தில் இருந்து கூட்டிப் பார்த்தோம். அடுத்த தாளில் அவளுடைய கையெழுத்து மூன்று இடத்தில் இருந்தது. ஒன்று அவள் கடனுக்கு, மற்ற இரண்டும் அயலவர் இருவருக்குப் பிணை. அது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த கிழமை தங்கள் தங்கள் கொப்பியோடு 11 பேர் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை.

அதனால் அரிச்சுவடியை எடுத்து வையுங்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தாள்தான் பாடப் புத்தகம். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் நிறை ஏறும் கோடு எந்த நிறப் பட்டைக்குள் போகிறது என்று தாய்க்கே பார்க்கத் தெரிய வேண்டும். நேரத்தையும் மாற்றுங்கள். கடன் கட்டப் பெண்கள் கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டில் எப்படியும் கூடுகிறார்கள்தானே? அது முடிந்ததும் அதே விறாந்தையில் ஒரு மணித்தியாலம் போதும். சின்னதுகள் பக்கத்தில் பாயில் விளையாடட்டும்.

தையல் மெஷின் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் உடனே ஓம் சொல்லாதீர்கள். தைத்ததை யார் வாங்குவார்கள் என்று கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு வந்த மெஷின்கள் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டு எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அப்புறம், உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உறங்கிக் கிடந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டு எழுப்புங்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியைச் செயலாளராக்குங்கள். எழுத்துப் பிழை வந்தாலும் கூட்டறிக்கையை அவளே எழுதட்டும். கடன் கொப்பியோடு நின்றாளே, அவள் அப்படித்தான் எழுதப் பழகினாள். 2023இல் அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவு வந்து பலருடைய பெயர் விடுபட்டபோது, தன் மேன்முறையீட்டோடு அயலில் ஐந்து பேருடையதையும் நிரப்பிக் கொடுத்தாள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு வரைதான் படித்தேன். மகனின் பாடசாலைக் கூட்டத்தில் வாய் திறக்கப் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், கல்முனை

பதில்: மகள், எல்லாவற்றையும் கேட்கப் போக வேண்டாம். கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றை வீட்டில் வைத்துத் தாளில் எழுதுங்கள். மகனுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள். தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டுத் தாயையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருங்கள். குரல் நடுங்கினால் தாளைப் பார்த்தே வாசியுங்கள். அதிபரும் அறிக்கையைப் பார்த்துத்தானே வாசிக்கிறார்.