ரூத் கேஎலிகோலானி: அடமா, கணக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானி பற்றிய கட்டுரையில், போகிற போக்கில் கமேஹமேஹா அரச வம்சத்து இளவரசி ரூத் கேஎலிகோலானியை ‘கூர்மையான அரசியல் மூளை’ என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். ஆங்கிலம் பேச மாட்டேன் என்று அடம்பிடித்தவர், எரிமலைக்கு பிராந்தி படைத்தவர், அரச நிலத்தைச் சர்க்கரை முதலாளிக்கு விற்றவர். இதில் கூர்மை எங்கே இருக்கிறது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரி கொஞ்சம் அதிகப்படிதான், எழுதும் வேகத்தில் விழுந்தது. ஆனால் ‘அடம்’ என்ற சொல்லோடு எனக்குத் தகராறு உண்டு.

ரூத்துக்கு ஆங்கிலம் புரியும். பேச மாட்டார், அவ்வளவுதான். அவர் பிறந்தது 1826-ல். மிஷனரிகள் வந்து இறங்கி ஆறு வருடம். அவர்கள் அமைத்துக்கொடுத்த எழுத்தில் 1834-லேயே ஹவாய் மொழியில் பத்திரிகை வந்துவிட்டது. அவர் சிறுமியாக இருந்தபோது அரண்மனையிலும் சபையிலும் அதுதான் மொழி. நடுவயதுக்கு வருவதற்குள் வியாபாரமும் சட்டமும் ஆங்கிலத்துக்கு நகர ஆரம்பித்துவிட்டன.

1855 முதல் 1874 வரை அவர், ஹவாய் நாட்டுத் தீவுகளில் அதே பெயர் கொண்ட பெரிய தீவான ஹவாய்த் தீவின் ஆளுநர். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் யாராக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளரோடுதான் அவரிடம் பேச முடியும். யோசித்துப் பாருங்கள். எதிரே கோட்டுப் போட்ட தோட்ட முதலாளி ஒருவர். அவர் சொல்வது இந்த அம்மாளுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிடும். மொழிபெயர்ப்பு முடியும்வரை பதிலை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வந்தவருக்கு அந்த வசதி கிடையாது. இதைப் போய் அடம் என்கிறீர்கள்!

அந்தத் தீவின் கைலுவா கடற்கரையில் ஹுலிஹேஎ என்ற கல் அரண்மனை அவருடையது. அவர் படுத்துறங்கியதோ அதே வளாகத்தில், பிலி என்ற புல் வேய்ந்த வீட்டில். ஆறடி உயரம், 180 கிலோவுக்கு மேல் எடை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது கேலியாகப் பட்டது. அவர் மக்களுக்குப் பருத்த உடம்பு தலைவர்களுக்கு உரிய களை.

சரி, பிராந்தி விஷயம். 1880 நவம்பரில் அதே தீவின் மௌனா லோவா எரிமலை வெடித்தது. மாதக்கணக்கில் ஊர்ந்து வந்த லாவா 1881 ஆகஸ்டில் ஹிலோ நகரத்தை நெருங்கிவிட்டது. அப்போது அவருக்கு 55 வயது. ஹொனலுலுவிலிருந்து கப்பலேறி வந்து, லாவாவின் விளிம்பருகே நின்று மந்திரம் ஓதி, எரிமலைத் தெய்வம் பெலேவுக்குச் சிவப்புப் பட்டுக் கைக்குட்டைகளும் பிராந்தியும் படைத்தார். லாவா நின்றது. ஒன்பது மாதம் ஓடிய லாவா ஓய்கிற நேரம் அது என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1824-ல் கபிஒலானி என்ற இன்னொரு பெண் தலைவர் கிலாவேயா எரிமலை வாயில் இறங்கி, பெலேவுக்குப் படைக்காமலே ஓஹேலோ பழத்தைத் தின்று காட்டினார். கிறிஸ்தவத்துக்கு அது பெரிய வெற்றி. அதற்கு 57 வருடம் கழித்து, பெரும்பாலான தலைவர்கள் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊரறிய பெலே முன்னால் போய் நின்றவர் ரூத்.

நில விற்பனையில் மட்டும் உங்கள் கட்சிதான் நான். சுமார் 10 லட்சம் ஏக்கர் அரச நிலத்தில் வாரிசு என்ற முறையில் தனக்குப் பங்கு உண்டு என்ற உரிமைக்கோரலை 1880-ல் சர்க்கரை முதலாளி கிளாஸ் ஸ்பிரெக்கல்ஸுக்கு 10,000 டாலருக்கு விற்றார். அரச நிலத்தை விற்கக் கூடாது என்று 1865-லேயே சட்டம் வந்துவிட்டது. கோர்ட்டில் நிற்காத கோரிக்கைக்குக் காசு கிடைத்தவரை லாபம் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோரிக்கையை முடித்துவைக்க 1882-ல் அரசு மவுயித் தீவின் வைலுக்குவில் 24,000 ஏக்கரை ஸ்பிரெக்கல்ஸுக்குத் தர வேண்டிவந்தது. அங்கே கரும்புத் தோட்டம் இன்னும் பெருத்தது. மொழியில் அத்தனை கவனமாக இருந்தவர் இதில் எப்படிக் கோட்டை விட்டார் என்று எனக்கும் ஆற்றாமைதான்.

1883 பிப்ரவரியில் ஹொனலுலுவில், மன்னரின் இயோலானி அரண்மனையை விடப் பெரிதாகக் கட்டிய மாளிகையில் பிறந்தநாள் விருந்து. அப்புறம் உடம்புக்கு முடியாமல் கைலுவா திரும்பி, மே 24-ல் அந்தப் புல் வீட்டில் இறந்தார். அவர் தத்தெடுத்த லெலேஇஒஹோகு, லிலியுஒகலானியின் சொந்தத் தம்பி, 1877-லேயே போய்விட்டிருந்தார். அதனால் சுமார் 3,53,000 ஏக்கர் நிலம் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் பௌவாஹி பிஷப்பிடம் போனது. அவரும் அடுத்த வருடமே இறக்க, உயில்படி 1887-ல் ஹவாய்ப் பிள்ளைகளுக்காக கமேஹமேஹா பள்ளி திறந்தது. அந்தப் பள்ளியிலேயே பல காலம் பிள்ளைகள் ஹவாய் மொழி பேசத் தடை இருந்தது.

அந்த வரியை ‘தன் மொழியை விட்டுக்கொடுக்காத ஆளுநர்’ என்று மாற்றிவிடுகிறேன். நில விவகாரத்தையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.