மனசு அமைதியாக இருந்தால்தான் சிகிச்சை பலிக்குமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. சின்ன வயதில் தோட்டத்து நாய் கடித்ததிலிருந்து நாயைக் கண்டாலே நடுக்கம். செம்பனைத் தோட்டத்தில் கிடைத்த வேலைக்கும் போகவில்லை. இப்போது ஈப்போவுக்கு வாரம் ஒருமுறை எக்ஸ்போஷர் சிகிச்சைக்கு (பயப்படுவதையே கொஞ்சம் கொஞ்சமாக நேரில் சந்திக்க வைப்பது) போகிறான். முதல் நாள் இரவு தூங்குவதில்லை. திரும்பி வந்தால் பேச்சே இல்லாமல் படுத்துவிடுகிறான். பக்கத்து வீட்டு அக்கா, போகும் முன் நரம்பு மாத்திரை பாதி கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் மூன்றே நாளில் பயத்தைப் போக்கும் பேக்கேஜ், 1,500 வெள்ளி என்கிறார். இவனை எப்படி அமைதியாக வைத்திருப்பது? (ஒரு தாயார், சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பாதி மாத்திரையைத் தொடாதீர்கள். நரம்பு மாத்திரை என்று ஊரில் கைமாறுவது பெரும்பாலும் அல்பிரசோலம் மாதிரியான தூக்க வகை. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரும் கொடுக்கக் கூடாதது. அதைப் போட்டுக்கொண்டு நாய்க்குப் பக்கத்தில் நின்றால், "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்" என்பதைத்தான் மனசு கற்றுக்கொள்ளும். பஸ் காசும் ஃபீஸும் வீண். (டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்ன மருந்து ஏதாவது இருந்தால் அது வேறு. அதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.)

இந்தச் சிகிச்சையில் பயம் வருவது கோளாறு இல்லை, வர வேண்டியதுதான். நாய் வந்தால் குதறிவிடும் என்று மூளை எதிர்பார்க்கிறது. நாய் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. எதிர்பார்த்தது நடக்காமல் போனதுதான் மருந்து. 1950களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் உடம்பை நன்றாகத் தளர்த்தச் சொல்லிவிட்டுத்தான் பயப்படும் பொருளை நினைக்கவே சொன்னார். தளர்த்தாமலேயே குணமாகிறது என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிந்துவிட்டது.

அதனால் முதல் நாள் இரவு அவனை அமைதிப்படுத்தப் பாடுபடாதீர்கள். "நாளைக்கு நாய் ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று பத்துத் தடவை கேட்பான். ஒரு தடவை பதில் சொல்லுங்கள், அப்புறம் பேச்சை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் தைரியம் சொன்னால், அந்த தைரியம் இல்லாமல் அவனால் நிற்க முடியாமல் போகும். தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. காலையில் வயிற்றுக்கு ஏதாவது போகட்டும், கோப்பியைக் குறைக்கட்டும். முடிந்தால் காலை நேர அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். மாலை என்றால் நாள் பூராவும் அதையே நினைத்து வெந்துகொண்டிருப்பான்.

திரும்பி வந்ததும் சோர்வு சகஜம். "பயம் போச்சா?" என்று கேட்கவே கூடாது. குளிக்கட்டும், சாப்பிடட்டும். பிறகு ஒரு நோட்டில் இரண்டே வரி: என்ன நடக்கும் என்று நினைத்தான், என்ன நடந்தது. "பாய்ந்து கையைக் கடிக்கும்" என்று ஒரு வரி, "செருப்பை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது" என்று அடுத்த வரி. மறுநாள் கடைக்குப் போகும்போது நாய் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போக விடாதீர்கள். அதற்காக, தோட்டத்தில் திரியும் தெரியாத நாயிடம் கொண்டுபோய் நிறுத்தவும் வேண்டாம். தடுப்பூசி போட்ட, கட்டியிருக்கும் நாய் போதும்.

பயத்தை அப்படியே தாங்கினால் போதும் என்பதற்கு ஒரே ஒரு பயம் விலக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ரத்தம், ஊசி, காயம் பார்த்து மயங்கி விழுபவர்கள். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கு முதலில் ஏறிப் பிறகு சட்டென்று இறங்கிவிடும், அதனால்தான் மயக்கம். இவர்களிடம் போய் "மூச்சை இழுத்து விடு, உடம்பைத் தளர்த்து" என்றால் இன்னும் சீக்கிரம் சாய்வார்கள். இவர்கள் தளர்த்தக் கூடாது, முறுக்க வேண்டும். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, முகம் சூடேறியதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி, இப்படி ஐந்து தடவை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் வகுத்த முறை இது. ரத்ததானம் செய்யப் போய் விழுந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள். உங்கள் மகனுக்கு இது தேவையில்லை.

அந்த 1,500 வெள்ளி ஆசாமிக்கு வருவோம். மலேசியாவில் கவுன்சலர் என்று சொல்லித் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 'கோச்', 'ஹீலர்' என்று கார்டு அடித்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை! பதிவு எண் கேளுங்கள். பேச்சை மாற்றினால் கதவைச் சாத்துங்கள். இவர்கள் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள். தோட்டத்து ஆட்களைக் குறிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் தேதிக்குக் காத்திருந்து, கடைசியில் தமிழில் பேசும் ஆள் இல்லை என்றால் மனுஷன் எங்கே போவான்? போதாததற்கு மனநலம் என்றாலே "என்ன, தஞ்சோங் ரம்புத்தானா?" என்று அங்குள்ள மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லிச் சிரிக்கும் கூட்டம் வேறு.

உங்கள் மகன் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறான். அடுத்த வாரம் சைக்காலஜிஸ்டிடம் இரண்டு விஷயம் சொல்லச் சொல்லுங்கள்: இரவு தூக்கம் போவது, வந்ததும் படுத்துவிடுவது. பயம் உச்சத்தில் இருக்கும்போது அமர்வை முடித்து அனுப்புகிறாரா என்றும் கேட்கட்டும். அப்படி என்றால், பஸ் ஏறும் முன் உட்கார்ந்து பேச கடைசியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு.