தண்டல் அட்டையின் நூறு கட்டங்கள்

கேள்வி: நான் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கோடை விடுமுறை ஆய்வுக்காக மே மாதம் முழுவதும் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் அவர்களுடைய கடன்களைப் பற்றிக் கேட்டு எழுதினேன். பலரும் தண்டலில் 8,500 ரூபாய் வாங்கி, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் 10,000 கட்டுகிறார்கள். நூறு நாளுக்கு 15 சதவீதம், ஆண்டுக்கு 55 சதவீதம் என்று கணக்கிட்டு, 'விழிப்புணர்வு இல்லாததே காரணம்' என்று முடித்தேன். ஆனால் ஓர் அம்மா, "வட்டி எனக்குத் தெரியாதா கண்ணு? விடிகாலை மூணு மணிக்கு எந்த பேங்க்கும்மா தொறந்திருக்கு?" என்று கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. என் முடிவு தவறா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடிவு தவறுதான். ஆனால் அதைத் திருத்துவதற்கான சான்றையும் நீங்களே எழுதி வைத்திருப்பதால், உங்கள் ஒரு மாத உழைப்பு வீண் போகவில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். கைக்கு வருவதே 8,500 தான். அதுவும் நூறு நாளும் கையில் இருப்பதில்லை. தண்டல்காரர் மறுநாளே வந்து, நாளுக்கு ஒரு கட்டமாக நூறு கட்டம் போட்ட, மீன் தண்ணீர் பட்டு ஊறிய தண்டல் அட்டையின் முதல் கட்டத்தில் கோடு போட்டு 100 ரூபாயை வாங்கிப் போய்விடுகிறார். ஐம்பதாவது கட்டம் நிரம்பும் நாளில் அசலில் சுமார் 4,600 ரூபாய்தான் பாக்கி. வட்டியோ முழுத் தொகைக்கும் முன்கூட்டியே பிடிக்கப்பட்டுவிட்டது. குறைந்துவரும் அசலை வைத்துக் கணக்கிட்டால் நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 காசு, அதாவது மாதத்துக்குப் பத்து ரூபாய், நம் பேச்சுவழக்கில் பத்து வட்டி, ஆண்டுக்கு 120 சதவீதம். நீங்கள் எழுதியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு கொடுத்தும் ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு அந்த அம்மா பதில் சொல்லிவிட்டார். விடியுமுன் நடக்கும் ஏலத்தில் கூடையை எடுக்கப் பணம் வேண்டும். நண்பகலுக்குள் விற்றாக வேண்டும். வருமானம் நாள்தோறும் சில்லறையாக வருகிறது. 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஸ்வநிதி திட்டத்தின் முதல் கடன் 2025 வரை 10,000 ரூபாயாக இருந்தது. ஓராண்டில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம் என்பதே என் கருத்து. ஆனால் அன்றாடம் வரும் காசை வீட்டுச் செலவுக்குத் தப்பவைத்து மாதக் கடைசி வரை சேர்த்து வைக்கும் பாரத்தை அது அந்தப் பெண்ணின் தலையில் வைக்கிறது. தண்டல்காரர் அந்தக் காசை அன்றன்றே வந்து வாங்கிக்கொள்கிறார். எனவே 'விழிப்புணர்வு' என்று எழுதிய இடத்தில் 'நேரமும் தவணை முறையும்' என்று எழுதுங்கள்.

இன்னொன்று, இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் விசாரித்தது மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன்தான் வரத்து. அப்போது வாங்கிய கடனில் எவ்வளவு கூடை எடுக்க, எவ்வளவு அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் என்று பிரித்துக் கேட்டீர்களா? கேட்காவிட்டால், வரத்துக் குறைந்த மாதத்தின் கடனை ஆண்டு முழுவதற்குமான வியாபாரக் கடனாகக் காட்டிவிடுவீர்கள்.

கடன் கொடுத்தவர்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. யார் சொன்னது என்று வெளியே தெரிந்தால், அடுத்த அவசரத்துக்குக் கைநீட்ட அந்தப் பெண்களுக்கு இடமிருக்காது.

ஆகஸ்டில், படகுகள் வந்துபோகும் நாட்களில், அதே பெண்களிடம் மறுபடி போங்கள். பத்து வட்டிக் கணக்கை ஒரே தாளில் தமிழில் எழுதி எடுத்துச் சென்று, அந்த அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டி, அவர் திருத்துவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.